செத்துப் பிழைத்தவர்களுக்குக் கணக்கு எங்கே?

நாட்டரசன்கோட்டையில் குழந்தை பிறந்தால், கம்பன் அடங்கியதாகச் சொல்லப்படும் இடத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைக்கிற வழக்கம் உண்டு. பிள்ளைக்குத் தமிழ் வரும் என்பது நம்பிக்கை. வரட்டும், நல்லதுதான். ஆனால் பிள்ளையைச் சுமந்து வருகிற பாட்டியிடம் "தாய் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: "அவ செத்துப் பொழச்சாப்பா."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் ஜனங்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் வைத்திய விஞ்ஞானம் இந்தச் சொல்லைப் பழமொழியாக எடுத்துக்கொள்ளவில்லை. 2009-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு ஒரு இலக்கணமே வகுத்தது. கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ உயிர் போகும் கட்டத்துக்குப் போய், எப்படியோ பிழைத்துக்கொண்ட பெண் யார் என்பதற்கு அடையாளங்கள் குறித்தது. இரத்தம் வடிந்து நாடி விழுந்தவள், ஜன்னி கண்டு நினைவிழந்தவள், சிறுநீரகம் செயலற்று இயந்திரத்தில் போடப்பட்டவள், ஐந்து யூனிட்டும் அதற்கு மேலும் இரத்தம் ஏற்றப்பட்டவள், இரத்தப் போக்கையோ கிருமித் தொற்றையோ அடக்க வேறு வழியின்றிக் கருப்பை எடுக்கப்பட்டவள் எல்லோரும் இந்த வரிசையில் வருவார்கள். நம் பாட்டிமார் சொல்லும் "செத்துப் பொழச்சவ" இவள்தான்.

செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. நம் ராஜ்யத்தில் ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் விசாரிக்கும் முறை 1994-லேயே வந்துவிட்டது. எந்த ஊர், எத்தனை மணிக்கு வலி கண்டது, எங்கே போனாள், எங்கே திருப்பி அனுப்பினார்கள் என்று விசாரிக்கிறார்கள். இந்தியாவிலேயே இதை முதலில் செய்தவர்களில் நாம் உண்டு. பலனும் கிடைத்தது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் இந்தியா முழுவதும் சராசரியாக 97 தாய்மார் மாண்டார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். கேரளத்தில் 19. அஸ்ஸாமில் 195. நம் எண் இந்த அளவுக்கு இறங்கியது மந்திரிகளின் கருணையால் அல்ல. ராத்திரி பகலாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்த்த நர்ஸுகளின் உழைப்பு, 2008-ல் ஓடத் தொடங்கிய 108 வண்டிகளின் ஓட்டம், மருந்துக்கும் இரத்தத்துக்கும் மக்கள் போட்ட கூச்சல் எல்லாம் சேர்ந்து இறக்கியது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் பிழைத்தவர்களுக்குக் கணக்கு எங்கே? ஒரு தாய் சாகிற இடத்தில் பல தாய்மார் சாவின் வாசல் வரை போய்த் திரும்புகிறார்கள். இவர்களையும் விசாரிக்க வேண்டும் என்று 2014 டிசம்பரில் மத்திய சுகாதார இலாகாவே வழிமுறைகள் அச்சிட்டு வெளியிட்டது. புத்தகம் வந்தது. ஜில்லாவாரியாக இத்தனை பேர், இன்ன காரணம் என்று உழைப்பாளி மக்கள் நின்று படிக்கும்படி ஒரு தாள் சுவரில் ஒட்டப்பட்டதை நாம் கண்டதில்லை. சிவகங்கை ஜில்லாவிலும் கண்டதில்லை.

ஏன் இந்தக் கணக்கு அவசியம் என்று சிலர் கேட்கலாம். செத்தவள் பேச மாட்டாள். அவளுக்காகப் புருஷனும் மாமியாரும் ரிஜிஸ்தரும்தான் பேசுகின்றன; ரிஜிஸ்தர் எப்போதும் உண்மையே பேசும் என்று சொல்வதற்கில்லை. பிழைத்தவள் பேசுவாள். எந்த மணிக்கு யார் எதைச் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயை மூடிவைத்துக்கொண்டு அடுத்த மரணத்தைத் தடுக்கப் போவதாகச் சொல்வது வெறும் பேச்சு.

அபாயம் யாரைத் தேடி வருகிறது என்று டாக்டர்கள் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வயதுக்குள் கர்ப்பம், முப்பத்தைந்துக்கு மேல் கர்ப்பம், இரண்டு வருஷ இடைவெளி இல்லாமல் அடுத்த பிள்ளை, நாலைந்து பிரசவம் கண்ட உடம்பு, முன்பு ஆபரேஷன் செய்த வயிறு, இரட்டைக் குழந்தை, நஞ்சு கீழே இறங்கி வாயை அடைத்திருப்பது, இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதய நோய். இதில் இருதய நோயைப் பற்றி ஒரு வார்த்தை. அடைசலான குடிசையில் வளரும் பிள்ளைக்குத் தொண்டைப் புண் வருகிறது, சரியாக வைத்தியம் பார்க்காமல் மூட்டுக் காய்ச்சலாக மாறுகிறது, அது இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போகிறது. பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பெண் கர்ப்பமானால் கெட்ட வால்வு அப்போதுதான் தன் கணக்கைக் கேட்கிறது. அபாயம் பிரசவ அறையில் பிறப்பதில்லை. அது குடிசையில் பிறந்து, வயலில் வளர்ந்து, பிரசவ அறைக்கு வருகிறது.

இந்த ஜாபிதாவில் நாம் நின்று பேச வேண்டியது இரத்தச் சோகை. ஏனென்றால் நம் வீடுகளில் இது வியாதி என்றே யாரும் நினைப்பதில்லை. "வெளுத்த உடம்பு" என்பார்கள், "அசதி" என்பார்கள், அதோடு சரி. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை; 7-க்குக் குறைந்தால் கடுஞ்சோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேர் சோகை பிடித்தவர்கள். 2015-16-ல் எடுத்த கணக்கை விட இது அதிகம்! மரணம் குறைகிறது, சோகை ஏறுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி காப்பாற்றுகிறது, அடுப்பங்கரை காப்பாற்றவில்லை என்பது விளங்கும்.

சோகை என்ன செய்யும்? நல்ல உடம்புக்காரி அரை லிட்டர் இரத்தம் போனாலும் சமாளித்து எழுந்துவிடுவாள். இரத்தம் வற்றிய உடம்புக்கு அந்த அரை லிட்டரே பெரிய நஷ்டம். அது மட்டுமல்ல, சோகை பிடித்தவளுக்குத்தான் இரத்தப் போக்கும் அதிகம். 2023-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி வெளிவந்தது. பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் சோகையுள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பிரசவத்தின்போது கவனித்தார்கள். நடுத்தரச் சோகை உள்ளவர்களோடு ஒப்பிட்டால், கடுஞ்சோகை உள்ளவர்கள் சாவதற்கோ செத்துப் பிழைப்பதற்கோ உள்ள வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு! நாலு நாட்டு ஏழைப் பெண்களின் இரத்தத்தில் எழுதப்பட்ட இந்தக் கணக்கு நம் ஜில்லாவுக்குப் பொருந்தாது என்று யாராவது சொல்ல முடியுமா?

சோகைக்கு என்ன காரணம்? வேலைக்குப் போய்த் திரும்பியவள் ஆக்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து, மிச்சம் இருந்ததைத் தின்கிறாள். ரேஷன் அரிசியில் வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. கீரையும் பயறும் ஈரலும் மீனும் கூலி வந்த நாளுக்குத்தான். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நிற்கிற காலில் கொக்கிப்புழு ஏறி, குடலில் இருந்து இரத்தம் குடிக்கிறது. சின்ன வயசிலேயே மில்லுக்குப் போய், ஹாஸ்டல் சாப்பாட்டில் வளர்ந்த பெண் கல்யாணத்துக்கு முன்பே பாதி இரத்தத்தைத் தொலைத்துவிட்டு வருகிறாள். இப்படி வந்தவளிடம் "ஏம்மா, மாத்திரை சாப்பிடலையா?" என்று அதட்டுவது சுலபம்.

மாத்திரையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அரசாங்கம் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரை நல்ல மாத்திரை. குமட்டும், மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். "மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்ற பேச்சில் உண்மை இல்லை. டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சம்பழச் சாற்றோடு சாப்பிட்டால் ஒட்டும். பூச்சி மருந்தை நாலாவது மாதத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச் சத்து மருந்து உண்டு, அது இலவசம். வீட்டு ஆண்பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தாய் கடைசியில் சாப்பிடுகிற வழக்கத்தை எந்த முதலாளியும் உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைக்கவில்லை.

அடுத்தது இரத்த அழுத்தம். 140-க்கு 90 என்ற கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை. முதல் கர்ப்பத்துக்காரிக்கு இது அதிகம் வரும். தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்குவது, முகமும் கையும் வீங்குவது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலிப்பது, இவை ஜன்னிக்கு முன்னால் வரும் சேதிகள். மக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்து ஜன்னி வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும் என்று 2002-ல் உலகளாவிய ஆராய்ச்சி ஒன்று நிரூபித்தது. பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்கிற நேரம் இந்த மருந்துக்குச் சேர வேண்டிய நேரம்.

ஆபரேஷன் விஷயம் வேறு வகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவம் இன்று ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அதில் 45 பிரசவம் கத்தியால் என்கிறது 2019-21 கணக்கு. தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 64! அவசியமான ஆபரேஷன் தாயையும் பிள்ளையையும் காக்கும். அதை எதிர்ப்பவர்கள் நாம் அல்ல. ஆனால் தமிழ்ப் பெண்களின் இடுப்பெலும்பு தனியார் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் சுருங்கிவிடுகிறதா? ஒரு தழும்புள்ள கருப்பையில் அடுத்த கர்ப்பத்தின் நஞ்சு தழும்பிலேயே வேரோடி ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஒவ்வொரு தழும்புக்கும் அது கூடும். அப்படி ஒட்டினால் பிரசவத்தின்போது இரத்தம் ஆறாக ஓடும், கருப்பையையே எடுக்க வேண்டி வரும். இன்று பில் போடுகிறவர் அன்று இருக்க மாட்டார்; அன்றைக்கு அவளைத் தாங்குவது அரசாங்க ஆஸ்பத்திரிதான்.

இத்தனையும் சொன்ன பிறகு முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஜாபிதாவில் எந்த அடையாளமும் இல்லாத பெண்ணுக்கும் திடீரென்று அபாயம் வரும். இருபத்திரண்டு வயது, நல்ல உடம்பு, ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனவள், சுகப் பிரசவம்; பிள்ளை அழுது பத்து நிமிஷத்தில் கருப்பை சுருங்க மறுத்துவிடும், இரத்தம் கொட்டும். 1997-ல் கொழும்பில் கூடிய சர்வதேச மாநாட்டில் நிபுணர்கள் இதை ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு கர்ப்பமும் அபாயத்தைச் சந்திக்கக்கூடியதுதான் என்று அறிவித்தார்கள். கொழும்பில் அதைச் சொன்னது பொருத்தம். 1930-களில் லட்சத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் தாய்மாரைப் பறிகொடுத்த இலங்கை, ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற மருத்துவச்சி, காசில்லாத ஆஸ்பத்திரி என்ற இரண்டைக் கொண்டு அந்த எண்ணை முப்பது அளவுக்கு இறக்கியது. அங்கேயும் மலையகத் தோட்டங்களுக்கு மட்டும் அந்த நன்மை பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் உடல்நலத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பொறுப்பு யாரிடம் விடப்பட்டது என்பதில் எல்லாம் இருக்கிறது.

எனவே இந்த ஜாபிதா பெண்ணைத் திட்டுவதற்கு அல்ல. நம் ஊர்களில் நடப்பது என்ன? "லேட்டாக வந்தாள்", "வயசுக்கு மீறிப் பெற்றாள்", "சாப்பிடவில்லை", "சொன்னதைக் கேட்கவில்லை" என்று கேஸ் தாளில் எழுதிவிட்டால் விஷயம் முடிந்துவிடுகிறது. குற்றவாளி கிடைத்துவிட்டாள், அவள் கட்டிலில் படுத்திருக்கிறாள். யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாத அபாயத்துக்கு ஒரே மருந்து, எல்லா ஊருக்கும் எட்டுகிற தூரத்தில், எந்த மணிக்கும் தயாராக இருக்கிற ஆஸ்பத்திரி.

எட்டுகிற தூரம் என்றால் எவ்வளவு? இதற்கும் கணக்கு உண்டு. வைத்தியம் கிடைக்காவிட்டால், பிரசவத்துக்குப் பின் இரத்தம் கொட்டுகிற தாய்க்குச் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் அவகாசம். பிரசவத்துக்கு முன்பே போகும் இரத்தத்துக்குப் பன்னிரண்டு மணி. ஜன்னிக்கு இரண்டு நாள், பிள்ளை தலை மாட்டிக்கொண்டால் மூன்று நாள், கிருமித் தொற்றுக்கு ஆறு நாள். தோழர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இரத்தப் போக்கு ஒன்றுதான் யோசிக்க நேரம் தராது.

நாட்டரசன்கோட்டைக்கு இந்த இரண்டு மணியை வைத்துப் பார்ப்போம். சிவகங்கையில் 2012-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சில மைல் தூரம்தான். அந்த வகையில் இவ்வூர் பாக்கியம் செய்தது. அதற்கு முன்னால் கடினமான கேஸ் என்றால் மதுரைப் பெரியாஸ்பத்திரிதான் கதி. ஆனால் கண்மாய்க் கரையைத் தாண்டி உள்ளே இருக்கிற கிராமத்தில், ராத்திரி ஒரு மணிக்கு, புருஷன் திருப்பூரில் வேலையாக இருக்க, மாமியார் "விடியட்டும்" என்று சொன்னால் அரை மணி போயிற்று. கைமாற்று தேடினால் இன்னொரு அரை மணி. வண்டி வருவதற்குள் இன்னும் கொஞ்சம். இது பாதி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த பிறகு கழிகிற நேரம்தான் மீதிப் பாதி. மயக்க டாக்டர் இல்லை, இரத்தம் இல்லை, "மேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று சீட்டு. ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்கு அனுப்புவதை வைத்தியம் என்று கணக்கில் எழுதலாமா?

நாம் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டூட்டியில் இருக்கிற நர்ஸம்மா மீது பாயச் சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் பல கட்டிலைப் பார்க்கிறவள் அவள். நம்மைப் போல உழைக்கிறவள். கிராம சுகாதார செவிலியர் வேலையிடங்களைக் காலியாகப் போட்டுவிட்டு, இரண்டு ஊரை ஒருத்தி பார் என்கிறவர்களிடம்தான் நமக்கு வழக்கு.

கண்ணாத்தாள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லுவோம். கண் நோய் தீர அந்தக் கோயிலில் நேர்ந்துகொள்கிற ஊர் அது. ஆனால் இரத்தத்தைக் கண்ணால் அளக்க முடியாது. துணியிலும் தரையிலும் ஊறியதைக் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் எண்பது ஆஸ்பத்திரிகளில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். தாய்க்கு அடியில், அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று. கோட்டைத் தொட்டதும் வேண்டிய எல்லா வைத்தியத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல், ஒரே மூச்சில் தொடங்குவது. 2023-ல் முடிவு வெளியானது: கடுமையான இரத்தப் போக்கும் அதன் விளைவுகளும் நூற்றுக்கு அறுபது குறைந்தன. பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு விரிப்பு, ஒரு ஒழுங்கு. நம் ஜில்லாவில் பிரசவம் பார்க்கிற எல்லா இடத்திலும் இந்த விரிப்பு உண்டா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆஸ்பத்திரியே அபாயமாகிற நாளும் உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூரில் என்ன நடந்தது? சோகைக்காக இரத்தம் ஏற்றிக்கொள்ளப் போன கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த இரத்தம் ஏற்றப்பட்டது. 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரியில் ஆபரேஷன் முடிந்த தாய்மார் அடுத்தடுத்து மாண்டார்கள். நரம்பில் ஏற்றிய திரவத்தின் மீது சந்தேகம் விழுந்து, அது நிறுத்தப்பட்டது. 1847-லேயே வியன்னா நகரத்தில் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பாருங்கள் என்று சொல்லி மரணத்தைக் குறைத்துக் காட்டினார். கை சுத்தமாகி விட்டது. டெண்டர் சுத்தமாக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். நடவு வயலில் குனிந்து நிற்கிறவள், செங்கல் சூளையில் சுமக்கிறவள், கரிமூட்டத்தில் நிற்கிறவள் ஒன்பதாவது மாதம் வரை நிற்கிறாள். ஏன் நிற்கிறாள்? நிற்காவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. தமிழ்நாட்டிலேயே வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிகளை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து 2024-ல் வெளியிட்ட முடிவு இது: வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. சித்திரை வெயிலில் சிவகங்கைச் சீமையில் களை பறிக்கிறவளுக்கு இந்த ஆராய்ச்சி புதிதல்ல.

மில் தொழிலாளிக்குச் சட்டம் உண்டு. போராடி வாங்கிய சட்டம். 1929-ல் பம்பாயில் முதல் பிரசவச் சலுகைச் சட்டம், 1961-ல் நாடு முழுவதற்கும், 2017-ல் சம்பளத்தோடு லீவு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்வு. 2025 நவம்பரில் நான்கு தொகுப்புச் சட்டங்களை அமலாக்கியபோது அந்தப் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்தது. 26 வாரம் என்ற எண் அங்கேயும் இருக்கிறது. முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. எண் காகிதத்தில் இருக்கிறது, சரி. காண்ட்ராக்டில் வருகிற பெண் எத்தனை நாள் வேலை செய்தாள் என்று ரிஜிஸ்தர் எழுதுகிறவர் யார்? எழுபத்தொன்பதாவது நாளில் "அடுத்த மாதம் வா" என்று நிறுத்தினால் கேட்பவர் யார்? காளையார்கோவிலில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில் 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றது. மில் நின்ற இடத்தில் மில் சட்டமும் நின்றுவிடுகிறது.

வயல் தொழிலாளிக்கு இந்தச் சட்டமும் இல்லை. அவளுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் உள்ள மகப்பேறு உதவித் திட்டம். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்து, டாக்டராகி, சென்னைச் சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண்மணி அவர். 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய உதவி 2018-ல் 18,000 ரூபாய் ஆயிற்று. இதில் 4,000 ரூபாய் சத்துப் பொருள் பெட்டகமாக, மீதி தவணைப் பணமாக. நல்ல திட்டம். ஆனால் விதிகளைப் படியுங்கள். பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

மேலே சொன்ன ஜாபிதாவை மறுபடி எடுத்துப் பாருங்கள். பத்தொன்பதுக்கு உட்பட்டவளுக்கு அபாயம் அதிகம் என்று டாக்டர் எழுதுகிறார். அவளுக்குப் பணம் இல்லை என்று குமாஸ்தா எழுதுகிறார். பிரசவம் கூடக் கூட அபாயம் கூடும் என்கிறது சுகாதார இலாகாவின் போதனை. மூன்றாவது கர்ப்பத்துக்கு உதவி கிடையாது என்கிறது அதே இலாகாவின் விதி. யாருக்குச் சத்தும் ஓய்வும் அதிகமாக வேண்டுமோ, அவளைத்தான் தேர்ந்தெடுத்துத் தள்ளியிருக்கிறார்கள்! பால்ய விவாகத்தைத் தடுப்பதற்கு, சிறு குடும்பத்தை ஊக்குவிப்பதற்கு என்று சமாதானம் சொல்வார்கள். பதினேழு வயதில் கட்டிக் கொடுத்தவர்கள் அப்பனும் ஆயியும் ஊர்ப் பெரிய மனிதர்களும். தண்டனை அவள் வயிற்றுக்கா?

டில்லியும் சளைக்கவில்லை. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. 2017-ல் வந்த திட்டம் முதல் பிள்ளைக்கு மட்டும், 5,000 ரூபாய் என்றது. 2022-ல் இரண்டாவது பிள்ளைக்கும் உண்டு, பெண்ணாகப் பிறந்தால் என்று திருத்தினார்கள். பார்லிமெண்டு போட்ட சட்டத்தை இலாகா சுருக்குகிற விந்தையை என்னவென்று சொல்வது? ஆண் பிள்ளை பெற்றவள் சிந்திய இரத்தம் குறைவா?

விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மில் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கேட்க வேண்டியவை இவைதான். வயது, பிள்ளை எண்ணிக்கை நிபந்தனைகளை எடு. கடைசி மூன்று மாதமும் பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதமும் வயல் தொழிலாளிக்குக் கூலிக்குச் சமமான தொகையை மாதா மாதம் கையில் கொடு. பிள்ளை தவழ்கிற போது வந்து சேரும் தவணை இரத்தம் ஊறுவதற்கு உதவாது. தாலுகா ஆஸ்பத்திரிகளில் இரத்தமும் மயக்க டாக்டரும் ராத்திரியிலும் இருக்கட்டும். செவிலியர் காலியிடங்களை நிரப்பு. செத்துப் பிழைத்த ஒவ்வொரு தாயின் விஷயத்தையும் செத்தவள் விஷயம் போலவே விசாரித்து, பெயரை விட்டுவிட்டு, காரணத்தை ஜில்லாவாரியாக வெளியிடு.

நாமும் சில வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நம் சங்கக் கிளைகள் ஊரில் உள்ள கர்ப்பிணிகளின் ஜாபிதா ஒன்று எழுதி வைத்துக்கொள்ளலாம்: எந்த மாதம், எந்த இரத்த வகை, ராத்திரியில் யார் வண்டி, யார் கூடப் போவது. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016-லேயே வந்தது. அன்றைக்குக் கூலி போகும் என்று தங்குகிறவளுக்குப் பதில் ஆள் அனுப்பலாம். இளைஞர்கள் இரத்த தானத்துக்குப் பெயர் கொடுக்கலாம். துளி இரத்தம் பட்டாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், தண்ணீர்க் குடம் உடைந்தாலும், பிள்ளை அசைவு நின்றாலும் யாரிடமும் உத்தரவு கேட்காமல் 108-ஐக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். மாமியார்மாரிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மே 1-ந் தேதி கிராம சபைகள் கூடும். நாட்டரசன்கோட்டை பேரூராட்சி ஆகையால் அங்கே கிராம சபை கிடையாது. கவுன்சிலரிடமும் செயல் அலுவலரிடமும் எழுதிக் கொடுக்க வேண்டும். சுற்றுக் கிராமத்துத் தோழர்கள் கொடி ஏற்றிவிட்டு நேரே சபைக்குப் போங்கள். பிழைத்து வந்த தாய்மார் சம்மதித்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். சென்ற ஒரு வருஷத்தில் நம் ஊரில் பிரசவத்தில் செத்துப் பிழைத்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள் என்று சுகாதார இலாகாவின் பிரதிநிதியிடம் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். "தெரியாது" என்று சொன்னால் அதையும் எழுதச் சொல்லி, கீழே கையெழுத்து வாங்குங்கள்.